சென்னையில் ஓடும் ஒரு குழுவின் ஓராண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் சென்னையில் கடற்கரையை ஒட்டி ஓடும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பழையவர்களிடமும் சில ஐயங்கள் தீராமல் இருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பந்தயக் காலம் நெருங்கும்போது காண்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, எளியவற்றிலிருந்து சிக்கலானவற்றை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை மற்றொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருப்பதால், முடிந்தவரை தொடக்கத்திலிருந்தே படியுங்கள்.

1. பள்ளிக்கூடத்தோடு ஓடுவதை விட்டவன் நான். இப்போது சேர்ந்தால் உங்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா?

முடியும். புதியவர்கள் முதல் நாளில் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, அதையே அரை மணி நேரம் திரும்பச் செய்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் இப்படிச் செய்துவந்தால் ஓடும் நேரம் தானாகக் கூடி, நடக்கும் நேரம் குறையும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே பரவலாக்கிய முறை இது. இம்முறையிலேயே முழு மாரத்தானை முடிப்பவர்கள் உலகெங்கும் இருப்பதால், இடையில் நடப்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

வேகத்துக்கு ஒரே ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். காலணியைப் பொறுத்தவரை, ஓடுவதற்கென்று செய்யப்பட்டதும் விரல் நுனிக்கு முன்னால் சிறிது இடம் விடுவதுமான ஒரு சோடி போதும். முதல் மாதத்திலேயே விலையுயர்ந்த கடிகாரமும் காலணியும் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்க வேண்டாம்.

2. எங்கே, எப்போது கூடுகிறீர்கள்? விடிவதற்கு முன்பே ஏன் தொடங்க வேண்டும்?

வார நாட்களில் விடிகாலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கூடி ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். அடையாறு திரு.வி.க. பாலம், சாந்தோம், காமராஜர் சாலை வழியாக நேப்பியர் பாலம் வரை சென்று திரும்பினால் ஏறக்குறைய 20 கி.மீ. வரும். குறைவாக ஓட வேண்டியவர்கள் நடுவில் திரும்பிவிடுகிறார்கள்.

அதிகாலையில் ஓடுவதற்குக் காரணம் சென்னையின் வெப்பமும் ஈரப்பதமும். ஜனவரியில்கூட இங்கே சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. மே மாதத்தில் அது 28 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலிருந்து சொட்டுகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சூரியன் ஏறிய பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

3. உறுப்பினர் கட்டணம் எவ்வளவு?

ஓட வருவதற்குக் கட்டணம் கிடையாது. ஞாயிறு ஓட்டத்தில் வைக்கும் தண்ணீர், வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றின் செலவை அன்று ஓடியவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். பந்தயங்களின் பதிவுக் கட்டணத்தை அவரவர் நேரடியாக அந்தந்த அமைப்பாளரிடம் செலுத்த வேண்டும்.

4. வருஷம் முழுக்க என்னென்ன ஓட்டங்களுக்குப் போகிறீர்கள்? ஒரு பட்டியல் கிடைக்குமா?

எங்கள் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி நடக்கும் சென்னை மாரத்தானில் தொடங்குகிறது. 2006-இல் உருவாகி, இன்று பேட்டைவாரியாகக் கிளைகள் கொண்டிருக்கும் சென்னை ரன்னர்ஸ் அமைப்பினர் நடத்துவது அது. எங்கள் குழுவில் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு தூரத்தில் அதில் ஓடுகிறார்கள். அதே மாதம் மூன்றாவது ஞாயிறு, அதாவது 15-க்கும் 21-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில், 2004 முதல் நடந்துவரும் மும்பை மாரத்தான் வருகிறது. பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான். செம்மண் பாதைகளில், மரங்களுக்கு நடுவே, முதலிடம், பரிசு என்று எதுவும் இல்லாமல் ஓட்டத்தின் மகிழ்ச்சிக்காகவே நடத்தப்படும் அந்த ஓட்டத்துக்கு ஒருமுறையாவது வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

கோடைத் தொடக்கத்தில் 10 கி.மீ. வேகத்தைச் சோதிக்க விரும்புபவர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். 2008-இல் தொடங்கிய உலக 10கே அங்கே நடக்கிறது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால் காலைநேரம் சென்னையைவிட இதமாக இருக்கும். ஜூலையில் சென்னையிலேயே ட்ரீம் ரன்னர்ஸ் குழுவினர் நடத்தும் அரை மாரத்தான் செயற்கைக் கால்கள் வழங்க நிதி திரட்டுகிறது. ஆகஸ்ட் இறுதியில் ஹைதராபாத் மாரத்தான். மேம்பாலங்களும் ஏற்ற இறக்கங்களும் நிறைந்த அந்தப் பாதை, தட்டையான சாலையிலேயே பழகிய சென்னைக்காரர்களின் தொடைகளைச் சோதிக்கும்.

செப்டம்பரில் சிலர் சாத்தாராவின் மலைப்பாதை அரை மாரத்தானுக்கும், மிகச் சிலர் லடாக்குக்கும் செல்கிறார்கள். அக்டோபரில் டெல்லி அரை மாரத்தான். டிசம்பரில் கோவை மாரத்தான். 2013 முதல் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடப்பதாலும், நம் மாநிலத்திலேயே குளிர்ந்த காலையில் ஓடக் கிடைப்பதாலும் அதற்கு எங்கள் குழுவில் தனி மதிப்பு உண்டு. தேதிகள் ஆண்டுதோறும் சற்று நகர்வதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அமைப்பாளரின் அறிவிப்பைப் பாருங்கள்.

5. இவ்வளவு ஓட்டமா! எல்லாவற்றிலும் ஓடினால்தான் குழுவில் இருக்க முடியுமா?

ஒன்றிலும் ஓடாமலும் இருக்கலாம். ஆண்டுதோறும் நான் புதியவர்களிடம் வலியுறுத்துவது இதுதான்: ஆண்டுக்கு ஓர் ஓட்டத்தை இலக்காகத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றில் இரண்டு மூன்றை அதற்கான பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சியவற்றில் பிறருக்குத் துணையாக நில்லுங்கள். மாதத்துக்கு ஒரு பதக்கம் என்று ஓடுபவர்கள் ஓரிரு ஆண்டுகளில் முழங்கால், குதிகால் வலியோடு விலகிப்போவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நிதானமாகத் தேர்ந்தெடுத்தவர்கள் பல ஆண்டுகளாக எங்களோடு ஓடுகிறார்கள்.

இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பந்தய நாளின் வானிலையை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய நான்கு மாதங்களின் வானிலையையும் பாருங்கள். பயிற்சி நடப்பது அந்த மாதங்களில்தான்.

6. அஞ்சு, பத்து, இருபத்தொண்ணு, நாப்பத்திரண்டு - எதிலிருந்து தொடங்குவது?

ஐந்திலிருந்து. முதல் கேள்வியில் சொன்ன முறையில் இரண்டு மூன்று மாதங்களில் 5 கி.மீ. தொடர்ந்து ஓட வந்துவிடும். அடுத்த சில மாதங்களில் 10 கி.மீ. அங்கிருந்து 21.0975 கி.மீ. அரை மாரத்தானுக்குப் போக இன்னும் நான்கு மாதங்களாவது கொடுங்கள். 42.195 கி.மீ. முழு மாரத்தானை, இரண்டு அரை மாரத்தான்களையாவது காயமின்றி முடித்த பிறகு நினைத்தால் போதும்.

மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. தசைநாண்களும் எலும்பும் உறுதிபெற மாதக்கணக்கில் ஆகிறது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. உடம்பு தயார் என்று நமக்குத் தோன்றும், கால் இன்னும் தயாராகியிருக்காது.

7. நான் ரொம்ப மெதுவாக ஓடுவேன். கடைசியாக வந்தால் எல்லாரும் காத்திருக்க வேண்டியிருக்குமே, கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஞாயிறு ஓட்டத்தில் கடைசியாக ஓடுபவருக்குப் பின்னால் ஒருவர் எப்போதும் வருவார். அந்தப் பொறுப்பை அனுபவமுள்ளவர்கள் முறைவைத்து ஏற்கிறார்கள், வேகமானவர்களும் விதிவிலக்கில்லாமல். கடைசி ஆள் திரும்பும் வரை தண்ணீர் மேசையை எடுப்பதில்லை என்பது குழு தொடங்கியது முதல் மாறாத விதி. எனக்கு இந்தக் குழுவில் மிகவும் பிடித்ததும் இதுவே.

பந்தயங்களில் நிலைமை வேறு. அங்கே கட்-ஆஃப் என்ற நேர வரம்பு உண்டு. சாலையைப் போக்குவரத்துக்குத் திறக்க வேண்டும் என்பதால் வைக்கப்படும் வரம்பு அது. பதிவு செய்யும் முன் அந்த நேரத்தைப் பார்த்து, உங்கள் பயிற்சி வேகத்தோடு ஒப்பிட்டு, பொருந்தும் தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். இறுதி நேரத்தைப் போலவே நடுவழியிலும் சில இடங்களில் வரம்பு வைக்கப்படுவது உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

8. கத்திரி வெயிலிலும் ஓடுவீர்களா? உடம்புக்கு ஆகுமா?

மே மாத அக்னி நட்சத்திரக் காலத்தில் தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறோம், நிறுத்துவதில்லை. வெப்பத்தில் ஓட உடல் பழகுவதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்மப் பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பின் அளவு குறைகிறது. குளிர்சாதன அறையிலேயே இருந்துவிட்டு ஒரு ஞாயிறு மட்டும் வந்து 15 கி.மீ. ஓடுபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஜனவரியில் ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடியவர், மே மாதத்தில் அதே உழைப்புக்கு ஏழரை, எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் அது இயல்பு. கடிகாரத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பதைப் போலவே அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஓடும்போது நிறையக் குடித்து எடை கூடியவர்களிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல், குழப்பம் இவற்றில் எது தெரிந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. அவரை நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். ஊர்தி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

9. மழைக்காலத்தில் எப்படி? ஜனவரி மாரத்தானுக்கு மழையில்தானே பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது?

ஆம், சென்னை ஓட்டக்காரர்களின் நிலையான சிக்கல் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி பந்தயத்துக்கான மிக நீண்ட ஓட்டங்களும் அதே மாதங்களில். தூறலில் ஓடுகிறோம். இடி மின்னல் இருந்தால் ஓடுவதில்லை. தேங்கிய நீருக்கு அடியில் மூடியில்லாத சாக்கடை வாயில் இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம் என்பதால் தரை தெரியாத இடத்தில் கால் வைக்கக் கூடாது. வெள்ளம் வந்த ஆண்டுகளில் ஒரு வாரம் முழுவதும் ஓட முடியாமல் போனதுண்டு. அதற்காகவே பயிற்சித் திட்டத்தில் இரண்டு வாரங்களைக் கூடுதலாக வைத்துத் தொடங்குகிறோம். விட்டுப்போன நீண்ட ஓட்டத்தை அடுத்த வார ஓட்டத்தோடு சேர்த்து ஓடி ஈடுசெய்ய முயல வேண்டாம்.

புயலால் பந்தயமே தள்ளிப்போனால் பணம் திரும்புமா என்றும் கேட்கிறார்கள். இயற்கைச் சீற்றத்தால் ரத்தானால் கட்டணம் திரும்பாது என்ற விதி பதிவுப் படிவங்களில் பொதுவாகவே இருக்கிறது. வெளியூரில் தங்குமிடம் பதியும்போது ரத்து செய்ய வாய்ப்புள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஓட்டம் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்? வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துவரலாமா?

அழைத்துவர வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் மாரத்தானுக்குப் பயிற்சி செய்தால் அவர் வீடு முழுவதும் அதிகாலை அலாரத்தோடு வாழ வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்தாருக்கு நம்மைத் தெரிந்திருப்பது நல்லது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து உண்கிறோம். இட்லி, வெண்பொங்கல், சுண்டல், ஆரஞ்சு, யாராவது ஒருவர் வீட்டு ஃபில்டர் காபி. மற்ற ஞாயிறுகளில் பக்கத்து உணவகத்தில் டிபன்.

ஆண்டின் நிகழ்ச்சிகளும் காலத்தை ஒட்டியே அமைகின்றன. பொங்கலுக்குப் பிறகு, சென்னை மாரத்தானில் தண்ணீர் கொடுத்தவர்களுக்கான நன்றிக் கூட்டம். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் உறுப்பினர்களுக்காக வாரத்தில் ஒருநாள் நோன்பு திறந்த பிறகு இரவு ஓட்டம் வைக்கிறோம். மற்றவர்களும் அன்று அவர்களோடுதான் ஓடுகிறார்கள். ஆகஸ்டில் கணிப்பு ஓட்டம் என்று ஒன்று உண்டு. கடிகாரம் அணியாமல் ஓட வேண்டும். தொடங்கும் முன் தாம் சொன்ன நேரத்துக்கு மிக நெருக்கமாக முடிப்பவருக்கே பரிசு என்பதால் அறுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரை வெல்கிறார். தீபாவளி அன்றும் மறுநாளும் பட்டாசுப் புகை காரணமாக ஓட்டம் இல்லை. காணும் பொங்கலன்று மெரினா பக்கம் போவதில்லை.

எனக்கு மிகவும் உவப்பானது மார்கழியில் ஒரு விடியலில் மயிலாப்பூருக்கு ஓடிப்போவது. மாட வீதிகளை அடைந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்கிறோம். வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பஜனைக் கோஷ்டி வந்துகொண்டிருக்கும். அந்தத் தெருக்களில் வேகமாக ஓடுவது முறையாகாது.

11. வெளியூர்ப் பயணம் போகிறீர்களாமே, அது பந்தயத்துக்கா சுற்றுலாவுக்கா?

இரண்டுக்கும் நடுவில். சென்னை தட்டையான ஊர். பரங்கிமலைப் படிகளையும் மேம்பாலங்களையும் விட்டால் ஏற்றம் பழக இடமில்லை. ஆகவே கோடையில் ஒருமுறை ஏலகிரிக்குப் போய், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் ஏறி ஓடுகிறோம். நடந்து ஏறுபவர்களுக்கும் வண்டியில் வந்து மேலே காத்திருப்பவர்களுக்கும் இடமுண்டு. மற்றொரு பயணம் திருவண்ணாமலைக்கு. 14 கி.மீ. கிரிவலப் பாதையை அதிகாலையில் ஓடியோ நடந்தோ சுற்றி வருகிறோம். பௌர்ணமி நாட்களைத் தவிர்த்தே தேதி குறிக்கிறோம், ஏனெனில் அன்று அந்தப் பாதை நடந்து வலம் வரும் பக்தர்களுக்கு உரியது.

12. இருட்டில் கிளம்பி வர வேண்டுமே, பெண்கள் தனியாக வந்தால் பாதுகாப்பா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு பெண்ணும் கேட்கிறார், அவர் வீட்டாரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே பகுதியிலிருந்து வருபவர்களை முன்கூட்டியே இணைத்துவிடுகிறோம், அதனால் வீட்டிலிருந்து கூடும் இடம் வரையிலும் துணை இருக்கிறது. ஓட்டத்தில் யாரும் தனியாக விடப்படுவதில்லை. ஏழாம் கேள்வியில் சொன்ன கடைசி ஆளுக்கான ஏற்பாட்டின் பயனும் இதுவே. வழித்தடம் எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். முடித்தவர்கள் தாம் திரும்பியதைக் குழுவில் ஒரு வரியில் தெரிவிக்கிறார்கள்.

குழுவுக்குள் யாராவது சங்கடப்படுத்தும்படி நடந்தாலோ பேசினாலோ முறையிட இரண்டு மூத்த பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முடிவே இறுதியானது. வேகமாக ஓடுபவர், பழையவர், நிறையச் செலவு செய்பவர் என்ற காரணங்களுக்காக யாருக்கும் விலக்கு அளிக்கப்படாது.

13. பந்தயத்தில் ஓடாமல் தண்ணீர் கொடுக்க நிற்கச் சொல்கிறீர்களே, அதில் எனக்கு என்ன கிடைக்கும்?

ஓடுபவர்களின் முகத்தை எதிரில் நின்று பார்க்கக் கிடைக்கும். 32-ஆவது கிலோமீட்டர் மேசையில் ஒரு காலை நின்றவர் அடுத்து தாம் மாரத்தான் ஓடும்போது தொடக்கத்தில் வேகம் காட்டுவதில்லை. அதன் விளைவை நேரில் பார்த்திருப்பார். குவளையைப் பாதி நிரப்பி, கையை நீட்டி, ஓடுபவர் பற்றியதும் விட்டுவிட வேண்டும். மேசையின் முதல் முனையிலேயே எல்லாரும் குவிவதால் கடைசி முனையிலும் தண்ணீர் உண்டு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் சாலையில் விழுந்த ஒவ்வொரு குவளையையும் பொறுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

ஆண்டுக்கு ஒரு பந்தயத்திலாவது இப்படி நிற்பதை எல்லா உறுப்பினர்களிடமும் எதிர்பார்க்கிறோம். ஐந்தாம் கேள்வியில் நான் சொன்ன மூன்றாம் பகுதி இது.

14. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது. ஓடலாமா? முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

முதல் கேள்விக்கு விடையை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தின்போதும் அதற்குப் பிறகும் சர்க்கரை திடீரென இறங்கலாம். எனவே ஓடும் முன் அளவு பாருங்கள், சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வையுங்கள், உடன் ஓடுபவரிடம் சொல்லிவையுங்கள். பாதங்களில் கொப்புளம் உண்டா என்று அன்றன்றே பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் கோடை ஓட்டத்தைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஓடும்போது மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் வாயுப் பிடிப்பு என்று எண்ணி ஓட்டத்தைத் தொடராதீர்கள்.

இரண்டாம் கேள்விக்கு விடை, கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. வெயிலில் நீர் வற்றிய உடம்போடு அது சேரும்போது சிறுநீரகம் பழுதடையலாம். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை வந்துவிட்டால் அன்று ஓடக் கூடாது.

15. நண்பரால் வர முடியவில்லை. அவருடைய பிப்பைக் குத்திக்கொண்டு நான் ஓடினால் என்ன? பணம் வீணாகிறதே.

பந்தய எண் அச்சிட்ட அந்தத் தாளின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப் உங்கள் நண்பரின் பெயர், வயது, பாலினம், அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அவர் வீட்டுக்குத் தகவல் சொல்லும். அவருக்கு ஒவ்வாத மருந்து உங்களுக்கும் ஒவ்வாது என்றும், உங்களுக்கு ஒவ்வாதது எதுவும் இல்லை என்றும் முடிவு செய்யும். இதுவே முதன்மைக் காரணம். இது தவிர, அறுபது வயதுப் பெண்ணின் எண்ணில் முப்பது வயது ஆண் ஓடி, உரியவருக்குக் கிடைக்க வேண்டிய வயதுப் பிரிவுப் பரிசைக் குழப்புவதும் நடக்கிறது. பிடிபட்டால் இருவரையும் தடை செய்யும் அமைப்பாளர்கள் உண்டு.

சில பந்தயங்கள் குறிப்பிட்ட தேதிக்குள் பெயர் மாற்ற அனுமதிக்கின்றன, அதைப் பயன்படுத்துங்கள். எங்கள் குழுவின் செய்திப் பகுதியில் பிப் கைமாற்ற வேண்டுகோள்களை வெளியிடுவதில்லை.

16. என் வாட்ச் 42.7 காட்டியது. பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்களா? சான்றிதழில் ஏன் இரண்டு நேரம் இருக்கிறது?

முறையாகச் சான்றளிக்கப்பட்ட பாதையை, அளவு திருத்திய மிதிவண்டியின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற கருவியைப் பொருத்தி அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அந்த மிதிவண்டி செல்கிறது. பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 0.1 சதவீதம், அதாவது மாரத்தானுக்கு ஏறக்குறைய 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவுகளில் அகலமாகத் திரும்பி ஓடுகிறோம். கடிகாரத்தின் செயற்கைக்கோள் கணக்கு உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் பாலத்தடியிலும் தடுமாறுகிறது. ஆகவே அரை கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டுவது வழக்கமானது. இலக்கு நேரம் வைத்து ஓடுபவர்கள் கடிகாரத்தின் சராசரி வேகத்தை நம்பாமல் சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளை வைத்துக் கணக்கிடுங்கள்.

இரண்டு நேரங்களில் ஒன்று தொடக்க ஒலி எழுந்ததிலிருந்து எண்ணப்படுவது. மற்றொன்று உங்கள் சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணப்படுவது. முன்வரிசை வெற்றியாளர்களை வழக்கமாக முதல் நேரம் தீர்மானிக்கிறது. உங்கள் சொந்த முன்னேற்றத்துக்கு இரண்டாவதைப் பாருங்கள்.

17. சென்னை, மும்பை இரண்டிலும் முழு மாரத்தான் ஓட ஆசை. இடையில் இரண்டு வாரம் இருக்கிறதே, போதாதா?

போதாது என்பதே என் கருத்து. மாரத்தானில் சேதமடைந்த தசைகள் ஆற இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மும்பையில் 30 கி.மீ. கடந்த பிறகு பெடர் சாலையின் ஏற்றம் காத்திருக்கிறது, அதற்குள் வெயிலும் ஏறிவிடும். முடித்துக் காட்டியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பல ஆண்டுகள் ஓடியவர்கள், இரண்டில் ஒன்றை நிதானமாக ஓடியவர்கள்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. மும்பை உங்கள் இலக்கு என்றால், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசி நீண்ட ஓட்டத்தை முடித்திருப்பீர்கள். இரண்டு வாரம் முன்பு 20 கி.மீ. அளவில் ஓர் எளிய ஓட்டம் வேண்டியிருக்கும். சென்னையின் அரை மாரத்தான் அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. இலக்கு வேகத்தைவிட மெதுவாக ஓடி, நண்பர்களோடு முடித்துவிட்டு வாருங்கள். மும்பை முழு மாரத்தானுக்குப் பதிய, முந்தைய ஓட்டத்தின் நேரச் சான்று கேட்பார்கள் என்பதையும் முன்பே மனத்தில் வையுங்கள்.

18. லடாக் மாரத்தானுக்கு மாடிப்படி ஏறிப் பயிற்சி செய்தால் போதுமா?

கால்களுக்கு உதவும், நுரையீரலுக்கு உதவாது. லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். சென்னையில் எவ்வளவு வலுவாக ஓடுபவரானாலும் உயர நோய் வரலாம். அதற்கும் உடல் தகுதிக்கும் தொடர்பில்லை. குறைந்தது ஒரு வாரம் முன்பே போய், முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுத்து, பிறகு நடந்து, அதன் பின்னரே மெதுவாக ஓடிப் பார்க்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் கீழே இறங்குவதே மருந்து.

விடுமுறை கிடைக்காமல் மூன்று நாள் முன்பு மட்டும் போக முடியும் என்றால் அந்த ஆண்டு லடாக்கை விட்டுவிடுங்கள். முதல்முறை செல்பவர்கள் அரை மாரத்தானோடு நிற்கட்டும். கர்துங் லா கணவாயைக் கடக்கும் 72 கி.மீ. ஓட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

19. காயம் பட்டு ஆறு மாதம் ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழுவிலிருந்து விலகிவிடட்டுமா?

வேண்டாம். ஞாயிறுதோறும் மிதிவண்டியில் தண்ணீர் கொண்டுவர, பாதையைக் குறிக்க, புதியவர்களோடு நடக்க ஆட்கள் எப்போதும் தேவை. மருத்துவர் அனுமதித்தால் நீச்சலும் மிதிவண்டியும் மூச்சுத் திறனைக் காக்கும். ஓடத் திரும்பும்போது விட்ட தூரத்திலிருந்து தொடங்காமல், முதல் கேள்வியில் சொன்ன நடையும் ஓட்டமுமாகவே தொடங்குங்கள்.

20. பாஸ்டன், காம்ரேட்ஸ் மாதிரி வெளிநாட்டு ஓட்டங்களுக்குச் சென்னையிலிருந்து தயாராவது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான்; எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்தாம் கேள்வியில் சொன்ன நான்கு மாதக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். டோக்கியோ மார்ச்சில், பாஸ்டனும் லண்டனும் ஏப்ரலில். அவற்றுக்கான பயிற்சி நம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அமைவதால், ஆண்டிலேயே நமக்குக் கிடைக்கும் குளிர்ந்த காலைகள் பயன்படுகின்றன. சென்னை மாரத்தானின் முழுத் தூரத்தையோ அரையையோ அப்பயிற்சியின் இடையே வைத்துக்கொள்ளலாம். செப்டம்பரில் நடக்கும் பெர்லினுக்கும் அக்டோபரில் நடக்கும் சிகாகோவுக்கும் மே முதல் ஆகஸ்ட் வரை வெக்கையில் ஓட வேண்டும். அது கடினம், ஆனால் அங்கே குளிரில் ஓடும்போது அந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

1897 முதல் நடந்துவரும் பாஸ்டனுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தகுதி நேரம் உண்டு. அந்த நேரத்தை எட்டினாலும் விண்ணப்பித்தவர்கள் மிகுதியாக இருந்தால் இடம் கிடைக்காமல் போகலாம். தகுதி ஓட்டத்தின் பாதை சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பதினாறாம் கேள்வியில் சொன்ன அளவீடு இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. ஆரோவில் செம்மண் பாதையில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இதற்குப் பயன்படாது.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஏறக்குறைய 90 கி.மீ.; பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஜூனை ஒட்டி நடப்பதால் அதன் மிக நீண்ட பயிற்சிகள் நம் மார்ச், ஏப்ரலில் விழுகின்றன. பாதை முழுவதும் மலையேற்றமும் இறக்கமும். இதற்குத் தயாராக விரும்புபவர்கள் முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். ஏலகிரிப் பயணத்தை அந்த ஆண்டு மட்டும் மே மாதத்திலிருந்து மார்ச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரவில் தொடங்கும் நீண்ட ஓட்டங்களுக்கு வண்டியோடு உடன் வர ஆட்களையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.